பனி இருக்கா?

தம்பி மகள் எர்ணாகுளம் ஹாஸ்டலிலிருந்து ஓண லீவுக்கு வந்தபோது ஒரு விளையாட்டையும் கொண்டு வந்தாள். யாருக்கும் தெரியாத சொல் ஒன்றை ஒருவர் எடுத்து, அதன் உண்மையான பொருளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப் பொருளை நிஜம் போலவே எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டுகளைக் கலந்து வாசித்ததும் எது உண்மை என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பாயிண்ட். நம் பொய்யை எத்தனை பேர் நம்புகிறார்களோ அத்தனை பாயிண்ட் நமக்கு. ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டால் சொல் கொடுத்தவருக்கு லாபம். இங்கிலீஷ்காரர்கள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வெகுகாலமாக ஆடியதுதான். 1984இல் கனடாவில் பால்டர்டாஷ் என்ற பெயரில் அதைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு வயதில் பெட்டி வாங்காமலே நாங்கள் ஆடிய ஆட்டம்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளிக்காரர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக எழுதினார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு ஐந்து தலையும் சேர்த்தி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தலைமன்னார், ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அங்கிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக் குளத்துப்புழை. எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976இல் புனலூரில் ரிஹாபிலிடேஷன் பிளாண்டேஷன்ஸ் என்ற ஆர்.பி.எல். கம்பெனியைத் தொடங்கி ரப்பர் வைத்தன. தேயிலை கிள்ளிய கைக்கு ரப்பர் கத்தி. சரி, அது பழகிவிடும். சொல்தான் பழகவில்லை.

வந்த மாதமே தம்பிக்குக் காய்ச்சல். அம்மா தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்தவர் "பனியுண்டோ?" என்று கேட்டார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்று அம்மா எங்கே கண்டாள்? நாட்டு நடப்பு விசாரிக்கிறார் என்று நினைத்து, "இங்க ஏதுங்க பனி, ஒரே வெக்கையா இருக்கு. எங்க ஊர்லதான் பனி" என்று விளக்கமாகப் பதில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மாவும் மரியாதையாகத் திரும்பி வந்துவிட்டாள். ராத்திரி தம்பிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. இன்றைக்கும் அவன் அம்மாவைச் சீண்ட வேண்டுமென்றால் "பனி இருக்கா?" என்றுதான் கேட்பான்.

பள்ளிக்கூடத்தில் என் முறை. எப்படி வந்தீர்கள் என்று வாத்தியார் கேட்டார். "கோச்சியில வந்தோம் சார்" என்றேன். எங்களுக்கு ரயில்தான் கோச்சி. "சிலோன் என்றல்லவா எழுதியிருக்கிறது, கொச்சி என்கிறாயே?" என்று ரெஜிஸ்டரைப் புரட்டினார். மதியம் ஒருவன் என் சோற்றைப் பார்த்து என்ன துவையல் என்றான். கொச்சிக்காய்த் துவையல் என்றேன். கொச்சிக்காய் எங்கள் ஊரில் மிளகாய். அதோடு நான் கொச்சிக்காரன் என்று முடிவாகிவிட்டது.

ஆக, தம்பி மகள் சீட்டுக் கிழித்தபோது அகராதி தேடவில்லை. திண்ணையில் அம்மா இருந்தாள்; எண்பத்து நாலு வயது அகராதி. இலங்கை மலையகத் தோட்டத்துச் சொல்லாக ஒவ்வொன்றாக அவள் கொடுக்க வேண்டும், உண்மைப் பொருளை என் காதில் சொல்ல வேண்டும், நான் சீட்டில் எழுதி எல்லாவற்றையும் கலந்து வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

முதலில் 'பீலி'. தம்பி மனைவி தென்காசிக்காரி, மயிலிறகு என்று எழுதியிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் அதற்கே கை தூக்கின. அம்மா சொன்ன பொருளோ, ஓடைத் தண்ணீர் வந்து விழும் குழாய்.

அடுத்தது 'கவ்வாத்து'. அங்கேதான் சண்டை. தேயிலைச் செடியை வெட்டிவிடுவது கவ்வாத்து. தம்பி மகன் 'போலீஸ்காரர்கள் செய்யும் அணிவகுப்புப் பயிற்சி' என்று எழுதி இரண்டு பேரை விழத்தட்டினான். மகள் உடனே போனில் தேடினாள். தமிழ் அகராதியில் கவாத்து என்றால் அணிவகுப்புப் பயிற்சியும்தான்! பொய் எழுதச் சொன்னால் இவன் உண்மையை எழுதிவிட்டான், பாயிண்ட் செல்லாது என்றாள் அக்கா. எனக்குத் தெரியவே தெரியாது, சும்மா அடிச்சு விட்டேன் என்றான் அவன். நான் பாயிண்ட் கொடுத்தேன். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. காலையில் தோட்டத்தில் ஆள் கூட்டிக் கணக்கெடுப்பதற்கு எங்கள் பெயர் பிரட்டு. பரேட்தான் அப்படித் தேய்ந்தது. இங்கிலீஷ் பரேட் எங்களிடம் வேலைக் கணக்கானது. கவாத்தோ பரேட்டுக்கும் ஆகிறது, செடி வெட்டுக்கும் ஆகிறது.

"ஒட்டுப்பால் கொடுக்கட்டுமா?" என்றான் தம்பி. வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பால் அது. விற்றுக் காசு பார்த்த வீட்டில் யார் ஏமாறுவார்கள்? தள்ளிவிட்டோம்.

கடைசியாக அம்மா 'அரைப்பேர்' என்றாள். எனக்குத் தெரியும் என்று சொல்லப் போனேன், முறைத்தாள். சீட்டுகளை வாசித்தேன். இனிஷியல். செல்லப் பெயர். பாஸ்போர்ட்டில் பாதி விட்டுப்போன பெயர். வீட்டுக்கு வந்த மருமகளின் பெயர் (இது யார் கையெழுத்து என்று சொல்லத் தேவையில்லை). நடுவில் அம்மாவுடையதையும் வாசித்தேன்: பாதி நாள் சம்பளம். அதற்கு ஒருவரும் கை தூக்கவில்லை.

"அது எப்படி அப்பாயி பேர், சம்பளம் ஆகும்?" என்றாள் பேத்தி.

"பேர் போட்டாத்தான் சம்பளம். கொழுந்து நிறை கொறைஞ்சா கணக்கப்பிள்ளை அன்னைக்கு அரைப்பேருன்னு எழுதிருவாரு. மழையில நனைஞ்சுகிட்டு ஏழு மாசப் புள்ளைய வயித்துல வச்சு எடுத்தாலும் அரைப்பேருதான்."

வயிற்றில் இருந்தவன் தம்பி. ஒன்றும் சொல்லாமல் சீட்டுகளைப் பொறுக்கினான்.

"எனக்கு எத்தனை பாயிண்டு?" என்று அம்மா கேட்டாள்.

"யாருமே கண்டுபிடிக்கல. ரெண்டு, அப்பாயி."

"முழுசாத்தானே போட்டிருக்க?" என்று நோட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.