தொடர்பு காரணமல்ல என்று சொன்ன பிறகு

நோய்கள் யாருக்கு, ஏன் வருகின்றன என்று ஆராயும் நோய்ப்பரவலியல் துறைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு வாக்கியத்தை மனப்பாடமாகக் கொண்டு வருகிறார்கள்: இரண்டு விஷயங்களுக்கிடையே தொடர்பு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. சரியான வாக்கியம்தான். ஆனால் ஆய்வுக் கூட்டங்களில் அது எப்படிப் பயன்படுகிறது என்று பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். ஒருவர் தன் முடிவை முன்வைத்ததும் இன்னொருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பேச்சு அதோடு நின்றுவிடும். எங்கள் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வாக்கியம் உயிர்களைப் பலிகொள்ளவும் பயன்பட்டிருக்கிறது. 1950இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைப்பழக்கம் இல்லாதவர்கள் வெறும் 2 பேர். ஒப்பீட்டுக்காக எடுத்த வேறு நோயாளிகள் 649 ஆண்களில் 27 பேர். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, பதில் தந்த சுமார் 40,000 பேரைப் பின்தொடரத் தொடங்கினார்கள். அதிலும் அதே திசையில்தான் முடிவு வந்தது. ஆனாலும் நவீனப் புள்ளியியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர் ஏற்கவில்லை. புகைக்கத் தூண்டுகிற ஏதோ ஒரு மரபணு அமைப்பே புற்றுநோயையும் உண்டாக்கலாமே என்று கேட்டார். தர்க்கப்படி அந்தக் கேள்வியில் குறையில்லை. புகையிலை நிறுவனங்களுக்கும் அது வசதியாகப் போயிற்று.

இதற்கு 1959இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் தந்த பதிலை, புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் நான் படிக்கச் சொல்வேன். புகைப்பவர்களுக்கு ஆபத்து 9 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முழுப் பொறுப்பும் புகையல்ல, மறைந்திருக்கும் வேறொன்றுதான் என்றால், அந்த வேறொன்று புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் இதன் பிறகு "வேறு ஏதாவது இருக்கலாம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவ்வளவு வலுவான மறைமுகக் காரணியைக் காட்ட வேண்டும். யாராலும் காட்ட முடியவில்லை.

எங்கள் குழுவில் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறோம். கன்ஃபவுண்டிங் இருக்கிறது, அதாவது இரண்டையும் பாதிக்கும் மூன்றாவது காரணி ஒன்றுதான் இந்தத் தொடர்பை உண்டாக்குகிறது என்று ஆட்சேபிப்பவர் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது காரணி எது, அது முடிவை எந்தப் பக்கம் இழுக்கும், நாம் கண்ட தொடர்பு முழுவதையும் விளக்க அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் இது சிலருக்குப் பிடிக்கவில்லை, ஆட்சேபம் சொல்வதே கஷ்டமாகிவிட்டது என்றார்கள். உண்மைதான், ஆனால் அப்புறம் வந்த ஆட்சேபங்கள் எல்லாம் பயனுள்ளவையாக இருந்தன.

முதலில் நான் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்த ஆளுக்கு ஏன் அந்த மருந்து கொடுத்தார்கள்? மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் பாதிச் சிக்கல் இதற்குள்தான் இருக்கிறது. மருத்துவர் யாரும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து எழுதுவதில்லை. நிலைமை மோசமாக இருப்பவருக்குத்தான் வலுவான மருந்து போகும். பிறகு அந்த மருந்து வாங்கியவர்கள் அதிகம் இறந்தார்கள் என்று அட்டவணை காட்டினால், அது காட்டுவது மருந்தின் குணத்தையா, மருத்துவரின் கணிப்பையா? புகையை அண்மையில் விட்டவர்களிடம் இறப்பு அதிகமாகத் தெரிவதும் இப்படித்தான். நோய் வந்த பிறகு விட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவை எல்லோருக்கும் தெரிந்தவை, பாடப்புத்தகத்திலும் உண்டு.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது கடிகாரத்தை. யாரை எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைச் சொல்கிறேன். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் ஒரு சிகிச்சையை முழுவதும் முடித்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று ஓர் அறிக்கை எங்களிடம் வந்தது. சிகிச்சை முடியப் பல மாதங்கள் ஆகும். அத்தனை மாதமும் உயிரோடு இருந்தவர்தான் முடித்தவர் பட்டியலில் இடம்பெற முடியும். இடையில் இறந்தவர் தானாகவே முடிக்காதவர் பக்கம் போய்விடுவார். ஆக, ஒரு பலனும் இல்லாத சிகிச்சைகூட இந்தக் கணக்கில் ஆயுளை நீட்டும்! வயது, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் என்று எத்தனை காரணிகளுக்குச் சமன்செய்தாலும், அதாவது அவற்றில் ஒரே மாதிரி இருப்பவர்களையே ஒப்பிட்டாலும், இது சரியாகாது. எண்ணும் நாளையே மாற்ற வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையின் கதை இதற்குப் பெரிய சாட்சி. அமெரிக்காவில் செவிலியர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வு உட்படப் பல ஆய்வுகளில், ஹார்மோன் எடுத்தவர்களிடம் இதயநோய் குறைவாக இருந்தது. பிறகு 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒரு பெரிய சோதனை நடந்தது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்துக் கொடுத்த அந்தச் சோதனையை 2002இல், சராசரியாக 5.2 ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. இதயநோயும் கூடியிருந்தது, குறையவில்லை.

வழக்கமாகச் சொல்லும் விளக்கம், ஹார்மோன் எடுத்தவர்கள் ஏற்கெனவே வசதியும் உடல்நல அக்கறையும் உள்ளவர்கள் என்பது. அதில் உண்மை உண்டு. ஆனால் நான் இந்தக் கதையை எடுத்துச் சொல்வது இன்னொரு பகுதிக்காக. பழைய ஆய்வுகள் பெரும்பாலும் "இப்போது எடுத்துக்கொண்டிருப்பவர்களை" எடுக்காதவர்களோடு ஒப்பிட்டன. மருந்தைத் தொடங்கிய புதிதிலேயே மாரடைப்பு வந்து இறந்தவரோ மருந்தை நிறுத்தியவரோ அந்தப் பட்டியலில் இல்லை. பின்னாளில் அதே செவிலியர் தரவை, சோதனையில் செய்வதுபோல மருந்து தொடங்கிய நாளிலிருந்து எண்ணியும், மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைக் கணக்கில் கொண்டும் மறுபடி ஆராய்ந்தபோது, இரண்டு முடிவுகளுக்கும் இடையே இருந்த இடைவெளி பெருமளவு சுருங்கியது. தரவு மாறவில்லை, கேட்ட கேள்விதான் தெளிவானது. பின்தொடர் ஆய்வுகளே பயனற்றவை என்று இதைக் காட்டிப் பேசுகிறவர்களிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன்.

கிடைத்த எல்லாக் காரணிகளுக்கும் சமன்செய்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. புகைக்கும் தாய்மார்களின் எடை குறைந்த குழந்தைகள், புகைக்காத தாய்மாரின் எடை குறைந்த குழந்தைகளைவிட அதிகம் பிழைக்கின்றன. புகை காப்பாற்றுகிறது என்று அர்த்தமா? புகைக்காத தாயின் குழந்தை எடை குறைந்து பிறந்தால், பிறவிக் குறைபாடு போன்ற கடுமையான வேறு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். பிறப்பு எடை என்பது புகையின் விளைவு. எடை குறைந்தவர்களை மட்டும் ஒப்பிடுவதுபோல, விளைவை ஒரே அளவில் வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடினால் இப்படித்தான் தலைகீழாகத் தெரியும்.

அறிக்கை எழுதும் கட்டத்தில் வேறொரு பிரச்சினை வருகிறது. முடிவுரையின் முதல் பத்தியில் "தொடர்பு காணப்பட்டது" என்று அடக்கமாக எழுதுவார்கள். கடைசிப் பத்தியில் "எனவே இதைத் தவிர்க்க வேண்டும்" என்று வரும். தவிர்த்தால் நோய் குறையும் என்று நம்பாவிட்டால் அந்த அறிவுரைக்கு என்ன பொருள்? காரணம் என்று நினைக்கிறார்கள், சொல்லத்தான் தயங்குகிறார்கள். எங்கள் நோக்கம் காரணத்தைக் கண்டறிவதுதான் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், எந்தெந்த அனுமானங்கள் சரியாக இருந்தால் இந்த முடிவு நிற்கும் என்பதையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். அப்போதுதான் படிப்பவர் ஒவ்வொரு அனுமானத்தையும் சோதித்துப் பார்க்க முடியும்.

ஒரு தொடர்பை எப்போது காரணம் என்று கொள்ளலாம் என்பது பற்றி 1965இல் அதே ஹில் ஆற்றிய உரையை ஒன்பது அம்சப் பட்டியலாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்பதில் எதுவும் கட்டாய நிபந்தனை அல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இறுதிப் பகுதி. கர்ப்பகால வாந்திக்கான ஒரு மருந்தைக் கட்டுப்படுத்த லேசான ஆதாரமே போதும், தவறாகப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. மக்கள் விரும்பிச் செய்யும் ஒன்றை விடச் சொல்வதற்கு மிக வலுவான ஆதாரம் வேண்டும் என்றார். எனவே எங்கள் அறிக்கைகளில் ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறோம்: இது காரணம் என்று சொல்லித் தவறினால் யாருக்கு என்ன நடக்கும், காரணமல்ல என்று சொல்லித் தவறினால் யாருக்கு என்ன நடக்கும். இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான் எப்போதும் சுருக்கமாக எழுதி அனுப்புகிறார்கள். அதை விரித்து எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.