விந்தகத்தில் ஜீன் குறைந்திருந்தால் முதலில் செல்லைத் தேடுங்கள்: நாக்அவுட் எலிக் கேள்விகள் பற்றி ஜூனியர்களுக்கு

பாண்டிச்சேரி, கடலூர் பக்கம் எம்.எஸ்சி. விலங்கியலோ பயோடெக்கோ படித்துக்கொண்டு, நெட் தேர்வுக்கும் ப்ராஜெக்ட் வைவாவுக்கும் ஒரே நேரத்தில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தலைப்பு கொஞ்சம் குறுகலானதுதான். ஒரு ஜீனை முடக்கிய (அதாவது நாக்அவுட்) ஆண் சுண்டெலியின் விந்தகத்தில் மற்ற ஜீன்களின் வெளிப்பாடு எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்தை நாம் எப்படிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மரபியல், செல் பகுப்பு, ஹார்மோன், புள்ளியியல் நான்கும் இந்த ஒரே இடத்தில் வந்து கூடிவிடும், அதனால் கேள்வி அமைப்பவர்களுக்கு இது ரொம்ப வசதியான தலைப்பு. என் ப்ராஜெக்டும் இதுதான். வீட்டில் என்ன ப்ராஜெக்ட் என்று கேட்டால் "எலி மரபணு" என்று சொல்லி முடித்துக்கொள்வேன், பெரியப்பாவிடம் உட்கார்ந்து விந்தகத்தை விளக்குகிற தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

மாதிரிக்கு ஒரு கேள்வி, நானே அமைத்தது. "அ" என்ற ஜீனை முடக்கிய வளர்ந்த ஆண் எலிக்கு விந்தகம் சிறியது, விந்தணு கிடையாது. விந்தகத்தை முழுதாக அரைத்து ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் (எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று அளப்பது) செய்தால் புரோட்டமின் 1, புரோட்டமின் 2, டிரான்சிஷன் புரோட்டீன் 1 ஆகிய, விந்தணுவின் டி.என்.ஏ.வை இறுக்கிக் கட்டும் புரதங்களின் ஜீன்கள் பல மடங்கு குறைந்திருக்கின்றன. என்ன முடிவுக்கு வரலாம்? "அ ஜீனின் புரதம் புரோட்டமின் ஜீனை நேரடியாக இயக்குகிறது" என்ற ஆப்ஷன் பளிச்சென்று முன்னால் நிற்கும், நிறையப் பேர் அதில் போய் விழுவார்கள். ஆனால் புரோட்டமின் ஜீன் இயங்குவது உருண்டை ஸ்பெர்மாட்டிட் (குரோமோசோம்களைப் பாதியாக்கும் மியாசிஸ் பகுப்பை முடித்து, விந்தணுவாக மாறப்போகும் செல்) என்ற நிலை வந்த பிறகு. அ ஜீன் இல்லாததால் செல்கள் மியாசிஸ் நடுவிலேயே செத்துப்போயிருந்தால் அந்த விந்தகத்தில் ஸ்பெர்மாட்டிட்டே இருக்காது, அப்புறம் புரோட்டமின் எங்கிருந்து வரும்? குறைந்தது செல்லா ஜீனா என்று பிரித்துச் சொல்ல இந்தத் தரவு போதாது என்பதுதான் சரியான விடை. நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருக்கும்.

கூடுகிற பக்கமும் இதே கதை. கடலூர் முதுநகர் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுகள் மட்டும் போகும், ஏலத்துக்கு வருகிற கூடைகளில் பெரிய மீன் குறைந்து மத்தி, நெத்திலியின் பங்கு கூடித் தெரியும். அதைப் பார்த்துக் கடலில் நெத்திலி பெருகிவிட்டது என்று எந்த மீன்காரம்மாவும் சொல்ல மாட்டார். விந்தணுவாகப் போகும் செல்கள் பாதியில் போய்விட்ட விந்தகத்தில் செர்டோலி செல்லின் (வளரும் விந்துச் செல்களைத் தாங்கி வளர்ப்பது) சாக்ஸ்9, லீடிக் செல்லின் (ஆண் ஹார்மோன் சுரப்பது) இன்சுலின் போன்ற காரணி 3 ஆகிய ஜீன்கள் "கூடியிருக்கிறது" என்று வரைபடம் காட்டுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பங்குக் கணக்குத்தான். செர்டோலி செல்கள் எலி பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பெருகுவதை நிறுத்திவிடும், எண்ணிக்கை அப்படியே இருக்கும், சுற்றியிருந்த கூட்டம் கலைந்ததால் அவை பெரிதாகத் தெரிகின்றன.

இதை உடைக்கிற வழி தெரிய வேண்டுமானால் ஒரு நாட்காட்டி மனப்பாடமாக இருக்க வேண்டும். சுண்டெலியில் விந்தணு உருவாக மொத்தம் 35 நாள் வாக்கில் ஆகும் (மனிதரில் 74 நாள் என்று சொல்வார்கள், ஆப்ஷனில் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்). பிறந்த பிறகு நடக்கும் முதல் அலையில் செல்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே நகர்கின்றன: 6-ஆம் நாள் வாக்கில் டைப் ஏ ஸ்பெர்மட்டோகோனியா (மியாசிஸுக்கு முந்தைய ஆரம்பச் செல்), 8-ல் டைப் பி, பிறகு மியாசிஸின் கட்டங்களாக 10-ல் லெப்டோட்டீன், 12-ல் சைகோட்டீன், 14-ல் பேக்கிட்டீன், 20-ல் உருண்டை ஸ்பெர்மாட்டிட், 35-ஐ ஒட்டி விந்தணு. இதோடு நிலைக்கு ஒரு ஜீனையாவது கோத்துக்கொள்ளுங்கள். பிரியத் தொடங்கும் ஸ்பெர்மட்டோகோனியாவுக்கு கிட், மியாசிஸ் வாசலில் ரெட்டினாயிக் அமிலம் தூண்டிவிடும் ஸ்ட்ரா8, குரோமோசோம்கள் ஜோடி சேரும்போது சைக்ப்3, பேக்கிட்டீனில் பிஜிகே2, ஸ்பெர்மாட்டிட்டில் புரோட்டமின். இது கையில் இருந்தால், குறைந்துபோன ஜீன்களின் பட்டியலைப் பார்த்தே செல்கள் எந்த நிலையில் நின்றுபோயின என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஸ்ட்ரா8 இருக்கிறது, சைக்ப்3 இருக்கிறது, பிஜிகே2 பாதி, புரோட்டமின் சுத்தமாக இல்லை என்றால் எங்கே நின்றிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, இதை ஆய்வாளர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதும் கேள்வியாக வரும். எனக்குப் பிடித்த உதாரணம் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பியை செர்டோலி செல்லில் மட்டும் முடக்கிய எலி, 2004-ல் வந்தது, சுருக்கமாக ஸ்கார்கோ என்பார்கள். வளர்ந்த ஸ்கார்கோ எலியில் மியாசிஸ் முடியாமல் நின்றுவிடும், அந்த விந்தகத்தை எடுத்து இயல்பான எலியின் விந்தகத்தோடு ஒப்பிட்டால் மேலே சொன்ன அதே சேற்றில்தான் கால் வைப்போம். அதனால் 10-ஆம் நாள் குட்டியின் விந்தகத்தை எடுத்தார்கள். அந்த வயதில் இரண்டு வகை எலியிலும் செல் கலவை ஏறக்குறைய ஒன்றே, ஆகவே அப்போது தெரிகிற வித்தியாசம் ஹார்மோன் சைகை இல்லாததால் வந்தது என்று கொஞ்சம் நம்பிக்கையோடு சொல்லலாம். ராக்ஸ்5 என்ற ஜீன் அப்படித்தான் பட்டியலில் மேலே வந்து நிற்கிறது. வயதைக் குறைப்பது ஒரு வழி, செல்களை நிலைவாரியாகப் பிரித்தெடுத்து ஒப்பிடுவது இன்னொன்று, இப்போது ஒற்றைச் செல் சீக்வென்சிங்கும் இருக்கிறது. விடையில் மூன்றில் ஏதாவது ஒன்றை எழுதி, ஏன் அது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

நேரடி இயக்கத்துக்கு உண்மையான உதாரணம் கேட்டால் க்ரெம், மற்ற ஜீன்களை இயக்கும் புரதத்தைத் தரும் ஒரு ஜீன். 1996-ல் ஸ்ட்ராஸ்பூர்கில் சசோனே-கோர்சி குழுவும் ஹைடல்பெர்கில் ஷூட்ஸ் குழுவும் தனித்தனியாக இந்த ஜீனை முடக்கிக் காட்டின. அந்த எலிகளில் செல்கள் உருண்டை ஸ்பெர்மாட்டிட்டின் ஆரம்பம் வரை வந்துவிடுகின்றன, அதற்கு மேல் நகராமல் அழிந்துபோகின்றன. செல் அங்கே இருக்கிறது, புரோட்டமின், டிரான்சிஷன் புரோட்டீன் ஜீன்களின் ப்ரோமோட்டரில் (ஜீனைத் தொடங்கிவைக்கும் பகுதி) க்ரெம் உட்காரும் இடமும் இருக்கிறது, ஆனாலும் அந்த ஜீன்கள் எழவில்லை. இப்படிப் பல சாட்சிகள் சேர்ந்து நின்றால்தான் "நேரடி" என்ற வார்த்தையை எழுதலாம்.

எக்ஸ் குரோமோசோம் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பேக்கிட்டீன் நிலையில் எக்ஸ், ஒய் இரண்டும் மௌனமாக்கப்பட்டு ஓரமாக ஒதுங்கிவிடும். எக்ஸில் உள்ள பிஜிகே1 அடங்கிவிடுவதால்தான் வேறொரு குரோமோசோமில் உள்ள பிஜிகே2 அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. இப்போது ஒரு நாக்அவுட் எலியில் எக்ஸ் ஜீன்கள் மொத்தமாகக் கூடியிருக்கின்றன என்று தரவு சொன்னால் உடனே "மௌனமாக்கல் தோற்றுவிட்டது" என்று எழுதத் தோன்றும். அது நடந்திருக்கலாம். ஆனால் செல்கள் பேக்கிட்டீனை எட்டவே இல்லை என்றாலும் இதே படம்தான் கிடைக்கும், ஏனென்றால் மிச்சம் இருப்பவை எக்ஸ் ஜீன்களை வழக்கமாக இயக்குகிற ஆரம்ப நிலைச் செல்களும் உடல் செல்களும். பேக்கிட்டீன் செல்லைத் தனியாக எடுத்துப் பார்க்காமல் இதைத் தீர்க்க முடியாது. இன்னொன்று, புரோட்டமின் எம்.ஆர்.என்.ஏ. உருண்டை ஸ்பெர்மாட்டிட்டில் உருவாகி சில நாட்கள் சும்மா சேமிப்பில் கிடந்து, பிறகுதான் புரதமாகும். ஆர்.என்.ஏ. இருந்து புரதம் இல்லாவிட்டால் பதற வேண்டாம்.

கணக்குப் பகுதி எளிதாக மதிப்பெண் தருகிற இடம், விடாதீர்கள். பெற்றோர் இருவரும் ஹெட்டரோசைகஸ் (ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் முடங்கியவர்கள்) என்றால் குட்டிகளில் நாலில் ஒன்று நாக்அவுட், அதில் பாதிதான் ஆண், ஆக எட்டில் ஒன்று. மூன்று நாக்அவுட் ஆண்கள் வேண்டுமானால் சராசரியாக 24 குட்டிகள். க்யூ பி.சி.ஆரில் (ஆர்.என்.ஏ. அளவைக் காணும் சோதனை) ஒரு சைக்கிள் வித்தியாசம் இரண்டு மடங்கு, மூன்று சைக்கிள் எட்டு மடங்கு. 20,000 ஜீன்களை 0.05 என்ற அளவுகோலில் சோதித்தால், உண்மையில் எதுவுமே மாறாதபோதும் ஆயிரம் ஜீன்கள் மாறியதாகத் தெரியும், அதற்காகத்தான் பெஞ்சமினி-ஹோக்பெர்க் திருத்தம். க்யூ பி.சி.ஆரில் எந்த ஜீனை ஒப்பீட்டுக்கு வைப்பாய் என்று கேட்டால் பழக்கதோஷத்தில் ஆக்டின் என்று சொல்லிவிடாதீர்கள், செல் கலவை மாறிய விந்தகத்தில் அதன் அளவும் மாறியிருக்கலாம். செர்டோலி செல் ஜீன் ஒன்றோடு ஒப்பிடலாம், அல்லது ஆர்.என்.ஏ. பிரிக்கும்போதே வெளியிலிருந்து அளவு தெரிந்த ஆர்.என்.ஏ. சேர்க்கலாம் என்று சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வைவாவில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெளியிலிருந்து வந்த மேடம் நான் ஆசையாக வண்ணம் தீட்டி வைத்திருந்த வால்கேனோ ப்ளாட்டை (மாறிய ஜீன்களைக் காட்டும் வரைபடம்) திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எலிக்கு என்ன வயசும்மா? விந்தகத்தோட எடை எவ்வளவு? ஹிஸ்டாலஜி படம் எங்கே?" (திசுவின் நுண்ணோக்கிப் படம்) இந்த மூன்றும்தான் கேட்டார், மூன்றுக்கும் நான் எடுத்த தரவின் மூலக் கட்டுரையிலிருந்து பதில் எடுத்து வைத்திருந்ததால் மீதி நேரம் சுமுகமாகப் போனது. "ஃபார்மலின்ல போட்டா என்ன?" என்று துணைக்கேள்வி வந்தது. விந்தகத்தை ஃபார்மலினில் போட்டால் குழல்கள் சுருங்கி விலகிக் காட்டும், உட்கருவும் தெளிவாக இருக்காது, அதனால்தான் திசுவைப் பதப்படுத்த பூவான் கரைசலை விரும்புகிறார்கள், இதையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டரோசைகஸ் எலிக்கு ஏன் பிரச்சினை இல்லை, ஒப்பீட்டுக்கு ஒரே ஈற்றுக் குட்டியை ஏன் எடுக்க வேண்டும் என்பவையும் வழக்கமாக வருகிறவை. இரண்டாவதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. பழைய நாக்அவுட்கள் பல 129 வகை எலியின் ஸ்டெம் செல்லில் செய்து பிளாக் 6 வகையோடு கலந்தவை, ஒரே ஈற்றுக் குட்டிகள் என்றால் அந்தக் கலவை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அதிலும் தீராத ஒன்று உண்டு: முடக்கிய ஜீனுக்குப் பக்கத்து ஜீன்கள் 129-இலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், அவற்றின் வெளிப்பாடு மாறித் தெரிவதற்கும் நம் நாக்அவுட்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

விந்தகத்தில் மட்டும் அதிகமாக வெளிப்படும் ஜீன் என்றால் விந்தணுவுக்கு அவசியம் என்று எழுதுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒசாகாவின் இகாவா குழுவினர் 2016-ல் அப்படிப்பட்ட 54 ஜீன்களை முடக்கியும் ஆண் எலிகள் குட்டி போட வைத்தன என்று காட்டினார்கள். மாற்று ஜீன் ஈடுசெய்கிறதா என்பது தனிக் கேள்வி.

எங்கே உட்கார்ந்து படிப்பது என்று கேட்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கிற காலாப்பட்டு போக பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் மாற வேண்டும், போகும்போது பஸ்ஸில் அந்த நாட்காட்டியை ஒப்பித்துக்கொள்ளலாம், வரும்போது தூக்கம்தான் வரும். தேர்வுக்கு முன்பு நான் பெரும்பாலும் ரோமன் ரோலண்ட் நூலகத்தில்தான் இருந்தேன், அங்கே இந்தத் தலைப்புக்குப் புத்தகம் தேடிப் போகவில்லை, வீட்டுச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான். சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் தாளின் பார்ட் சி-யில் 75 கேள்வி இருக்கும், 25-க்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றும் 4 மதிப்பெண், தவறுக்குக் கழிவும் உண்டு. அதனால் நாக்அவுட் கேள்வியைப் பார்த்ததும் எலியின் வயதும் செல் நிலையும் கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள், கொடுத்திருந்தால் உட்கார்ந்து போடுங்கள், வெறும் பாதை வரைபடமும் அம்புக்குறியுமாக இருந்தால் தள்ளிவிட்டுப் போங்கள்.

ப்ராஜெக்டுக்கு இதை எடுக்க நினைப்பவர்களுக்கு: எலிகளை வளர்த்துச் செய்ய விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, எலிக்கூடம், மரபணு வகைப்படுத்தல் என்று ஆறு மாதம் அதிலேயே கரைந்துவிடும். ஜியோ என்ற ஜீன் வெளிப்பாட்டுத் தரவுத்தளத்தில் மற்றவர்கள் போட்டுவைத்த தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஜீன்வாரி எண்ணிக்கை அட்டவணையாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சாதாரண லேப்டாப்பில் ஆர் மென்பொருளும் அதில் ஜீன் வெளிப்பாட்டை ஒப்பிடும் டெசெக்2-வும் தாராளமாக ஓடும், மூலக் கோப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றால் கேலக்ஸி தளத்தில் ஏற்றிவிடுங்கள், உங்கள் லேப்டாப்பைப் படுத்தாதீர்கள். பதிவிறக்கும் முன் எலியின் வயது, வகை, ஒவ்வொரு குழுவிலும் எத்தனை எலி என்ற மூன்றும் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள், வயது போடாத தரவு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் எடுக்காதீர்கள், குழுவுக்கு ஓர் எலிதான் என்றால் அதையும் விட்டுவிடுங்கள். கைடு அதைத்தான் எடுக்கச் சொன்னால், ஒரே எலியை வைத்து எப்படி மாறுபாட்டைக் கணக்கிடுவது சார் என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.