"நல்லா இருக்கேன் சார்"

மாதம் ஒருமுறை தம்பியை நன்னடத்தை அலுவலரிடம் கூட்டிக்கொண்டு போவேன். கோர்ட் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டவர்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து மதுரைக்கு இரண்டு பஸ். "எப்படிப்பா இருக்க?" என்று கேட்பார். "நல்லா இருக்கேன் சார்" என்பான். கையெழுத்து, கும்பிடு, முடிந்தது. முந்தின ராத்திரி யாரோ திட்டுகிற குரல் கேட்கிறது என்று விடியும்வரை திண்ணையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தவன் அவன்.

அடிதடி வழக்கு. விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நான்கு மாதத்தில்தான் அங்கிருந்த டாக்டர் மாத்திரை ஆரம்பித்தார். ஜாமீனில் வெளியே வந்தபோது கையில் துணிப்பை மட்டும்தான் இருந்தது. என்ன மாத்திரை, எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மூன்றே வாரத்தில் தூக்கம் போய்விட்டது. அந்த ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தால் எங்களுக்கு ஒரு வருடம் வீணாகியிருக்காது.

தீர்ப்பில் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. 1958ஆம் வருட நன்னடத்தைச் சட்டம் 4ஆம் பிரிவில், ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று பத்திரம் எழுதி வாங்கி, கண்காணிப்பில் விட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் நோயைப் பற்றி வக்கீலிடம்கூட வாய் திறக்கவில்லை.

"சார்கிட்ட சொல்லேண்டா" என்றால், "சொன்னா திரும்ப உள்ள தூக்கிப் போட்ருவாய்ங்கக்கா" என்பான். நானும் அப்படித்தான் பயந்தேன். அப்புறம் இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா விளக்கினார். நோய் வருவது நிபந்தனை மீறல் ஆகாது. ஒரு நிபந்தனை தவறிப்போனால்கூட, முதல் தடவை என்றால் 50 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு விட அந்த நன்னடத்தைச் சட்டம் 9ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அரசு செலவில் நடக்கும் மனநல சிகிச்சை எல்லோருக்கும் உரிமை என்று 2017ஆம் வருட மனநலச் சட்டம் சொல்கிறது. வழக்கு இருப்பவன் அதில் விதிவிலக்கு இல்லை.

சரி என்று தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநல டாக்டர் அங்கே வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அது கையெழுத்து போடுகிற நாளோடு மோதியது. ஓ.பி. சீட்டு நகலோடு ஒரு மனு எழுதி அலுவலரிடம் நீட்டினேன், கை நடுங்கியது. படித்துவிட்டு, "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று தேதியை மாற்றிக் கொடுத்தார்.

ராத்திரியில் முடியாமல் போனால் கூப்பிட 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு தடவை அவனே கூப்பிட்டுப் பேசினான்.

போன மாதம் அதே கேள்விக்கு, "குரல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு சார், கை மட்டும் நடுங்குது" என்றான். அலுவலர் மாத்திரைப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.