அண்ணாச்சியின் செஸ்னா

சொந்த விமானம் என்று பேச்சு வந்தால் எங்கள் பக்கம் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். அடுத்தது "எங்க கொண்டு நிறுத்துவாங்க?" பத்திரமாக இருக்குமா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். அதையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் கேட்பார்கள். எனக்குச் சம்பளம் கொடுத்தது அந்தக் கடைசிக் கேள்விதான்.

நான் விமானப் பராமரிப்பு இன்ஜினியர். வெளியூரில் பெரிய ஜெட் விமானங்களோடு பல வருடம் மல்லுக்கட்டிவிட்டு, பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்த பிறகு, ஒரு தனியாருடைய சின்ன விமானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. வியாபாரத்தில் கைநிறையச் சம்பாதித்து, ஐம்பது வயதுக்கு மேல் பறக்கக் கற்று, தனியார் பைலட் லைசென்ஸ் எடுத்தவர் அவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. விமானம் செஸ்னா 172. உலகத்திலேயே அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் இதுதான். 1956 முதல் இதுவரை 44,000-க்கும் மேல் வந்திருக்கிறது. அண்ணாச்சியுடையது 1980களில் செய்தது. நாலு சிலிண்டர் லைக்கமிங் என்ஜின், 160 குதிரைத்திறன், எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுக்க ஒரு கார்புரேட்டர். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியிடம் வாங்கி, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்குக் கொண்டுவந்து ஓரமாகக் கட்டிப்போட்டிருந்தார். கட்டிப்போட்டிருந்தார் என்றால் நிஜமாகவே கயிறு போட்டு. நம்மூர்க் காற்றுக்கு அது இல்லாமல் முடியாது.

ஜெட்டை விட்டு இதற்கு வந்தபோது என்னை முதலில் உறுத்தியது என்ஜின் அல்ல, ஆள் கணக்கு. ஏர்லைன்ஸில் ஒரு விமானம் கிளம்புவதற்குத் தடை சொல்ல எத்தனையோ பேர் உண்டு. பயணத்தைத் திட்டமிட்டு அனுப்பும் டிஸ்பாட்சர், வானிலையைப் பார்த்து வேண்டாம் என்பார். பணி நேரம் முடிந்துவிட்டது என்று பைலட் இறங்கிப் போய்விடுவார். பழுது சரியாகாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் உட்காருவேன். அதனால் யாருக்கும் யார் மேலும் பெரிதாகக் கோபம் வராது. சொந்த விமானத்தில் வாங்கியவர், ஓட்டுகிறவர், எரிபொருளுக்குக் காசு கொடுக்கிறவர், போயே ஆகவேண்டும் என்று துடிக்கிறவர் எல்லாம் ஒரே ஆள். இன்றைக்கு வேண்டாம் என்று அவரிடம் சொல்ல அவரைத் தவிர நாதி கிடையாது. சின்ன விமானத்தில் என்ன ஆபத்து என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒற்றை என்ஜின், பழைய விமானம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, என்ஜினுக்கு வருவோம். பறக்கிற விமானத்தைவிட நிற்கிற விமானம்தான் எனக்கு அதிகம் வேலை வைத்தது. அண்ணாச்சிக்கு வியாபாரம் சூடு பிடித்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் இந்தப் பக்கமே வரமாட்டார். பக்கத்தில் தூத்துக்குடி உப்பளங்கள், எந்நேரமும் கடல் காற்று. ஓடாத என்ஜினில் சிலிண்டர் சுவரிலும் கேம்ஷாஃப்டிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய் மெல்ல வடிந்துவிடும். ஈரமும் உப்பும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். "அப்போ வாரம் ஒருதடவை சும்மா ஸ்டார்ட் பண்ணிப் போடும்வே" என்பார் அண்ணாச்சி. கார்க்காரர்கள் எல்லோரும் சொல்கிற யோசனைதான், ஆனால் இங்கே அது கெடுதல். தரையில் பத்து நிமிடம் ஓட்டினால் எண்ணெய் போதுமான அளவு சூடாகாது. எரியும்போது உண்டாகிற ஈரம் ஆவியாகி வெளியே போகாமல் எண்ணெயிலேயே தங்கிவிடும். பறந்து எண்ணெய் 75, 80 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் அது போகும். எண்ணெயை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது நாலு மாதத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்று லைக்கமிங் சொல்வதும் இதனால்தான். "ஒம்பது மணி நேரம்கூட ஓடல, அதுக்குள்ள எண்ணெயா? கடைக்காரன் ஒமக்கு மச்சானா?" என்று அண்ணாச்சி என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்.

நிற்கிற விமானத்தில் குடியேற ஆட்கள் வேறு காத்திருக்கிறார்கள். இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு பிட்டோ குழாய் என்று பெயர். எதிர்க்காற்றின் அழுத்தம் அதன் வழியாகத்தான் வேகமானிக்குப் போகிறது. அந்தத் துளை குளவிக்கு அளவெடுத்துச் செய்த வீடு. மூடி போடாமல் விட்டால் சீக்கிரமே மண்ணைக் குழைத்து அடைத்துவிடும். 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பல நாள் நின்றிருந்த விமானம் அது. பிட்டோ குழாய் ஒன்றை அடைத்தது பெரும்பாலும் குளவிக்கூடாக இருக்கவேண்டும் என்றுதான் விசாரணையில் முடிவுக்கு வந்தார்கள். நானும் குளவிக்கூட்டை நோண்டி எடுத்திருக்கிறேன். மைனா இன்னும் வேகம். என்ஜின் மூடிக்குள் காலையில் ஒரு துரும்பு கிடந்தால் சாயங்காலத்துக்குள் அங்கே வைக்கோல் கட்டே சேர்ந்திருக்கும். அது சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எரிபொருள் சோதிப்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், அது பார்க்கிற அளவு சுலபம் இல்லை. பயணிகள் விமானம் குடிப்பது மண்ணெண்ணெய் வகை. இது பெட்ரோல் வகை, ஏவ்காஸ் என்பார்கள். பீப்பாயில் வரும், சாயம் கலந்து வெளிர் நீலமாக இருக்கும். 2022 வரை இந்தியா அதை இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தது. அப்புறம்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்க ஆரம்பித்தது. பழைய செஸ்னாவில் டேங்க் மூடியின் ரப்பர் கொஞ்சம் இறுகிவிட்டாலும் மழைத்தண்ணீர் இறங்கிவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி மழையெல்லாம் வேண்டாம், சாதாரண ஐப்பசி மழையே போதும். இரண்டு இறக்கைக்கு அடியிலும் மூக்கிலும் சின்ன வடிகால்கள் உண்டு. கண்ணாடிபோன்ற ஒரு குவளையால் அதை அழுத்தினால் எரிபொருள் வடியும். தண்ணீர் கனமானது, அடியில் முத்துமாதிரி உருளும். பார்த்தால் தெரியும், கீழே ஊற்றிவிட்டு இன்னொரு முறை எடுக்கலாம்.

ஆனால் குவளை முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால்? பிரிகிற கோடே இருக்காது. அண்ணாச்சி குவளையை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிப்பார். நீல வானத்துக்கு எதிரே பிடித்தால் வெறும் தண்ணீரும் நீலமாகத்தானே தெரியும்! வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடித்து நிறம் பார்க்க வேண்டும், மோந்தும் பார்க்க வேண்டும். இதை அவருக்குப் பழக்கியதில் எனக்கு இன்றுவரை பெருமை உண்டு.

கார்புரேட்டரில் பனிக்கட்டி பிடிக்கும் என்றபோது மட்டும் அவர் நம்பவே இல்லை. "தூத்துக்குடி வெக்கையிலயா?" ஆமாம், இங்கேயும்தான். எரிபொருள் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் வெப்பம் 30 டிகிரிவரைகூட விழலாம், காற்றில் ஈரம் இருந்தால் போதும். என்ஜின் வேகத்தைக் குறைத்து இறங்கும்போதுதான் வினை. அதற்காகவே காக்பிட்டில் சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு இழுகுமிழ் இருக்கிறது.

விமானத்தைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் புரொப்பெல்லரைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பார்கள். என் ரத்த அழுத்தம் ஏறியதில் பாதி அதனால்தான். இந்த என்ஜினில் தீப்பொறி கொடுப்பது மேக்னீட்டோ, அதற்குப் பேட்டரி தேவையில்லை. சாவியை எடுத்துவிட்டாலும், உள்ளே ஒரு ஒயர் அறுந்திருந்தால், கையால் லேசாகத் திருப்பினாலே என்ஜின் உதைக்கலாம்.

அடுத்தது எடை. நாலு சீட் இருப்பதால் நாலு பேர் போகலாம் என்று நினைப்பது இயல்பு. இந்த விமானம் மொத்தம் 1,089 கிலோவுக்கு மேல் கிளம்பக்கூடாது. காலியாக நிற்கும்போதே 690 கிலோவுக்குப் பக்கம். 150 லிட்டர் நிரப்பினால் இன்னொரு 108. மிச்சம் 290 கிலோ. எண்பது கிலோ ஆள் நாலு பேர் என்றால் அல்வாப் பெட்டி ஏறுவதற்கு முன்பே கணக்கு இடிக்கும். அதிலும் சித்திரை மதியம் 40 டிகிரி வெயிலில் காற்று லேசாகிவிடும். வாகைக்குளத்தில் நின்றுகொண்டே விமானம் 3,000 அடி உயரத்தில் இருப்பதுபோல்தான் நடந்துகொள்ளும். ஓடவேண்டிய தூரம் கூடும், ஏறுவது குறையும். ஆளைக் குறை, இல்லை எரிபொருளைக் குறைத்து வழியில் எங்காவது இறங்கி நிரப்பு, இல்லை விடியற்காலையில் போ. மைத்துனரிடம் "நீ பஸ்ஸில் வா" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது விமானம் ஓட்டும் புத்தகங்களில் இருக்காது. டிக்கெட் மாதிரி அவரிடம் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப் போகவும் முடியாது. தனியார் வகை விமானத்தில் வாடகைக்கு ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு.

ஆனால் எங்கள் பக்கத்தின் உண்மையான வில்லன் மேற்கே இருக்கிறது. அகத்தியர் மலை 1,868 மீட்டர், மகேந்திரகிரி 1,654 மீட்டர். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்று ஊரே கொண்டாடும்போது, அந்த மேற்குக் காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் சரிந்து விழும். நிமிடத்துக்கு ஆயிரம் அடி கீழே தள்ளும் காற்றில் மாட்டினால், புதிதாக இருந்தபோதே நிமிடத்துக்கு 700 அடிதான் ஏறிய விமானம் என்ன செய்யும்? திருவனந்தபுரம் போக மலைக்கு மேல் வேண்டாம், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நுழைந்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். கணவாயை ஒட்டிய முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை ஏன் நட்டார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தால் ஆசை போய்விடும். போதாததற்கு, மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் கடற்படை, கூடங்குளத்தில் அணு உலை. நினைத்தபடி வளைந்து போகிற வானம் இல்லை இது. ஆடியில் மலையைத் தாண்டுவதென்றால் காலையில், நல்ல உயரத்தில். இல்லையென்றால் காரில்.

இதையெல்லாம் அண்ணாச்சி புரிந்துகொண்டார். புரிந்துகொள்வது வேறு, முகூர்த்தம் நெருங்கும்போது நினைவில் வைத்திருப்பது வேறு. அவருக்குச் சொல்லிக்கொடுத்த பழைய கேப்டன் ஒரு வழி சொன்னார். அவசரம் எதுவுமில்லாத ஒரு நாளில் மூவரும் உட்கார்ந்து ஒரே ஒரு தாள் எழுதினோம். மேகம் 2,000 அடிக்குக் கீழே இருந்தால் கிளம்புவதில்லை. குறுக்குக் காற்றின் வேகம் 10 நாட் (knot) தாண்டினால் கிளம்புவதில்லை. விமானத்தின் கையேட்டில் 15 என்று இருப்பது சோதனை பைலட் செய்துகாட்டிய எண். இறங்கும்போது டேங்கில் ஒரு மணி நேரத்துக்கு மிச்சம் இருக்க வேண்டும். பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பே தரையில் இருக்க வேண்டும். கடைசி வரி அண்ணாச்சியே சொன்னது: இதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், பறக்கப்போகிற அன்று திருத்தக்கூடாது. ஒரு நகலை மதினியிடம் கொடுத்துவிட்டேன். அதற்காக அண்ணாச்சி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தாளுக்குச் சோதனை வந்தது. கோயம்புத்தூரில் சொந்தத்தில் கல்யாணம், சாயங்காலம் வரவேற்பு. ராகுகாலம் பத்தரைக்கு, அதற்குள் கிளம்பவேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வான் பாதுகாப்பு அனுமதி எண் வந்துவிட்டது, பயணத் திட்டம் கொடுத்தாகிவிட்டது. கடலிலிருந்து மேகம் தாழ்வாக வந்து 800 அடியில் நின்றது. பத்து மணிக்கு 1,600 ஆனது. கண்ணால் பார்த்துப் பறக்கிறவர்களுக்கு விதி கேட்பது 1,500 அடி, 5 கிலோமீட்டர் பார்வை. ஆக சட்டப்படி போகலாம்.

"டவர்லயே விடுதாங்க, ஒமக்கென்னவே?"

"விமானத்துல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. நான் கையெழுத்துப் போட்டாச்சு. தாள்ல ரெண்டாயிரம்னு இருக்கு."

"நானூறு அடிக்கா இந்தப் பாடு?"

கேப்டனுக்குப் போன் போட்டார். அவரும் தாளில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அதற்குள் மதினி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மேகம் எத்தன?" என்றார்கள். அண்ணாச்சி ஹெட்செட்டைக் கழற்றிச் சீட்டில் போட்டுவிட்டு, டிரைவரைக் காரை எடுக்கச் சொன்னார்.

மதியம் பளிச்சென்று வெயில் அடித்தது. ஒரு சொட்டு மழை இல்லை. கோவில்பட்டி தாண்டியதும் போன் செய்து வாய்க்கு வந்தபடி திட்டினார். பறந்திருந்தால் சுகமாகப் போய் இறங்கியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அன்று எடுத்த முடிவு சரிதான் என்பது என் கருத்து. பத்து மணிக்குக் கையில் இருந்தது பத்து மணி மேகம்தான். மதியத்து வெயிலை வைத்து அந்த முடிவை எடைபோட ஆரம்பித்தால், அடுத்த வெள்ளிக்கிழமை தாளை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

சில வருடம் கழித்து பைலட்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் கண்பார்வை பற்றிக் கேள்வி வந்தபோது அண்ணாச்சி விமானத்தை விற்றுவிட்டார். வாங்க வந்தவர் லாக்புக்கைப் பொறுமையாகப் புரட்டினார். "ஒன்பது மணி நேரம்தானே ஓடியிருக்கு, எதுக்கு எண்ணெய் மாத்தினீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி ஆரம்பித்துவிட்டார். உப்புக் காற்று, கேம்ஷாஃப்ட், நாலு மாதம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பேரம் முடிந்து விலையிலும் கொஞ்சம் இறங்கிவந்தார். லாக்புக் உறையில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இதுவும் சேர்த்துத்தானே என்று வாங்க வந்தவர் கேட்டபோது மட்டும் அண்ணாச்சி அதை உருவி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது எனக்கு எழுதினது. நீங்க ஒங்களுக்கு எழுதிக்கிடுங்க."