ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் எடை மேடை

என் வண்டி டொயோட்டா லேண்ட் குரூசர் 80. முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் சுருள் கம்பியாலான காயில் ஸ்பிரிங். காலியாக ஓட்டும்போது அதன் மென்மை சுகம்தான். நெடும்பயணத்துக்குச் சாமான் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முகப்பு விளக்கு மரக்கிளைகளைக் காட்டும், சிறு பள்ளத்துக்கே ஆக்சில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். வளைவு முடிந்த பிறகும் வண்டியில் ஓர் ஆட்டம் மிச்சமிருக்கும்.

இதற்கு எல்லோரும் சொல்கிற மருந்து ஒன்றே: ஹெவி டியூட்டி ஸ்பிரிங் போடு. எனக்கு இதில் உடன்பாடில்லை. தாழ்வது வேறு, ஆடுவது வேறு. எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. அசைவை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. நின்ற இடத்திலேயே தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். மட்டமாக நின்று, ஓடும்போது மட்டும் மிதந்தால் ஷாக்கையும் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் பாருங்கள்.

சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தம் கணக்கைக் கெடுத்துவிடும். சாமான் ஏற்றியதும் பின்பக்கம் 60 மி.மீ. இறங்கியது. அப்படியே எடை மேடைக்குப் போய் முன் ஆக்சிலைத் தனியாகவும் பின் ஆக்சிலைத் தனியாகவும் நிறுத்தி எடை போட்டேன். இழுப்பறைகள், ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, இரும்புப் பம்பர், கூடுதல் ஸ்டெப்னி என்று வண்டியை விட்டு இறங்காத எடையே 180 கிலோ பக்கம். அதற்கு மேல் 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ; இரண்டாவது டேங்கில் 90 லிட்டர் டீசல் சுமார் 75 கிலோ. இவை இரண்டும் போகப் போகக் குறைபவை.

ஸ்பிரிங்கை எப்போதும் இருக்கிற எடைக்குத்தான் வாங்க வேண்டும், என்றாவது ஒருநாள் ஏற்றப்போகிற எடைக்கு அல்ல. கடைக்காரர்கள் நிரந்தரச் சுமை 200 கிலோ, 400 கிலோ என்று பிரித்துச் சொல்வார்கள். நான் எடுத்தது 200. காயிலின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது; தடிமன் பத்து சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் ஏறும். கண்ணுக்குச் சற்றே தடித்ததாகத் தெரிகிற ஸ்பிரிங், காலி வண்டியை முதுகொடிக்கும் வண்டியாக மாற்றிவிடும். சக்கரம் தரையை விட்டு எகிறுவதால் பிடிப்பும் போகும்.

தண்ணீரும் டீசலும் நிரம்பியிருக்கும் நாட்களுக்கு பின் காயில்களுக்குள் ஏர் பேக், அதாவது காற்றடைக்கும் ரப்பர் பை, வைத்திருக்கிறேன். சுமை ஏறும்போது காற்று, இறங்கும்போது குறைப்பு. காயில் வண்டியில் பேக்கும் ஸ்பிரிங் தாங்கும் அதே இடத்தில்தான் தாங்குகிறது. பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் வண்டியில் அப்படியில்லை. லீஃப் இரண்டு முனைகளில் சேசிஸைத் தாங்குகிறது; பேக்கோ நடுவில் ஒரே புள்ளியில் முட்டுகிறது. பின்னால் நிறையச் சுமையோடு கரடுமுரடான பாதையில் ஓடினால் சேசிஸ் அங்கேயே வளையக்கூடும். லீஃப் வண்டிக்காரர்கள் எடைக்கேற்ற லீஃப் தொகுதியையே மாற்றிக்கொள்வது நல்லது.

ஷாக் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். விறைப்பான ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது வலுவாக உதைக்கும். பழைய ஷாக்கால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அலை அலையாய்க் கிடக்கும் மண் சாலையில் மணிக்கணக்காக ஓடினால் ஷாக்கின் எண்ணெய் கொதிப்பேறும். சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெயோடு வாயு கலந்து நுரைத்து, அடக்கும் சக்தி போய்விடும். ஒற்றைக் குழாயுள்ள மோனோட்யூபில் நைட்ரஜன் வாயுவை எண்ணெயிலிருந்து ஒரு தனி பிஸ்டன் பிரித்து வைக்கிறது, வெளிச்சுவர் நேராகக் காற்றில் படுவதால் சூடும் சீக்கிரம் இறங்கும். ஆனால் அந்தச் சுவரிலேயே பிஸ்டன் ஓடுவதால் ஒரு கல் பட்டு நசுங்கினால் சிக்கிக்கொள்ளும். தடித்த சுவருள்ளதாகப் பார்த்து எடுத்தேன். அதே சாலையில் டயர் அழுத்தத்தைக் குறைப்பதும் வேகத்தைக் குறைப்பதும் ஷாக்குக்குச் செய்கிற பெரிய உபகாரம்.

புதிய ஸ்பிரிங்கால் வண்டியின் உயரம் 50 மி.மீ. கூடியதால் முன் ஆக்சில் சற்றுச் சுழன்று காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்தது. ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். அதற்கான திருத்தப் புஷ் போட்டேன். ஆக்சிலைச் சேசிஸோடு குறுக்காக இணைக்கும் பன்ஹார்டு ராடு ஆக்சிலைப் பக்கவாட்டில் தள்ளியிருந்ததால், அதற்குப் பதில் நீளம் மாற்றக்கூடிய ராடு. பிரேக் ஹோஸ் முழுத் தொங்கலிலும் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தாயிற்று. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். மெக்கானிக்கிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை. ஆக்சிலும் பிரேக்கும் சேசிஸும் பழையவைதான். முழுச் சுமையோடு மறுபடி எடை மேடையில் நிறுத்தியபோது பின் ஆக்சில் வரம்புக்கு மிக அருகில் இருந்தது. கூடுதல் ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டேன். அடுத்தது மேல் கேரியர்.