உலக்கை கிரகணத்தன்று மட்டும்தான் நிற்குமா?

ஒவ்வொரு சூரிய கிரகணத்துக்கும் அந்தப் படம் வந்துவிடும். வாசலில் பித்தளைத் தாம்பாளம், அதில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் யாரும் பிடிக்காமல் நெட்டுக்குத்தாக நிற்கும் உலக்கை. படம் பொய்யில்லை. உலக்கை நிற்கத்தான் செய்கிறது. ஆனால் சொல்லப்படுவது அதோடு முடிவதில்லை: கிரகணம் பிடித்திருக்கும்போது மட்டும்தான் நிற்கும், விட்டதும் தானாக விழுந்துவிடும் என்கிறார்கள். இந்த இரண்டையும் சரிபார்க்க வேண்டுமானால் கிரகணம் இல்லாத நாளிலும் உலக்கையை நிறுத்திப் பார்க்க வேண்டும். அதை அநேகமாக யாரும் செய்வதில்லை.

செய்து பார்ப்பது சுலபம். பழைய மர உலக்கை ஒன்று, தாம்பாளம், ரசமட்டம், கொஞ்சம் அரிசி மாவு, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சிறிய சுருள்வில் தராசு, நூல். இவ்வளவு போதும்.

முதலில் உலக்கையின் அடியைப் பாருங்கள். இரும்புப் பூண் போட்ட முனை என்றால் வேலை பாதி முடிந்தது. பூணின் விளிம்பு வட்டமாகத் தரையைத் தொடும்; நடுவில் மரம் சற்று உள்வாங்கியிருக்கும். பூண் இல்லாத முனை, குத்திக் குத்தி உருண்டு போயிருந்தால், எந்தக் கிரகணத்திலும் நிற்காது. எந்த முனை எப்படித் தொடுகிறது என்று தெரிய, காய்ந்த தாம்பாளத்தில் அரிசி மாவை மெல்லியதாகத் தூவி உலக்கையை நேராக இறக்கி எடுங்கள். மாவில் தடம் விழும். சுற்றிலும் பரவலாக மூன்று இடத்திலாவது அழுத்தம் விழுந்திருந்தால் நிற்கும். ஒரே பக்கம் பிறை போல விழுந்தால் பூண் கோணலாக இருக்கிறது, அல்லது தாம்பாளத்தின் நடு மேடாக இருக்கிறது. தாம்பாளத்தைத் திருப்பி வைத்தோ, வேறு தட்டு மாற்றியோ எது என்று கண்டுபிடித்துவிடலாம். பூ வேலைப்பாடு உள்ள தாம்பாளம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது தரை. 130 செ.மீ. உயரமும் அடியில் 6 செ.மீ. விட்டமும் உள்ள உலக்கையின் ஈர்ப்பு மையம் சுமார் 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். அது அடி வட்டத்துக்கு வெளியே போகாதவரை உலக்கை விழாது. 65-க்கு 3 செ.மீ. என்றால் ஏறக்குறைய 2.6 டிகிரி சாய்வு தாங்கும். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், உச்சி 6 செ.மீ. நகரும் வரை விழாது. கேட்கும்போது நம்ப முடியாத அளவு தாராளமான இடம் இது. ஆனால் வாசலும் முற்றமும் தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துக் கட்டப்பட்டவை. ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு இருந்தாலே ஒரு டிகிரிக்கு மேல் அதிலேயே போய்விடும். ரசமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் நிற்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

நிறுத்தும் முறை: ஒருவர் உலக்கையை நெஞ்சு உயரத்தில் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் தளர்வாகப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று சாய்வைச் சொல்ல வேண்டும். பிடித்திருப்பவர் கண்ணுக்கு முன்பின் சாய்வு தெரியாது. பாரம் எந்தப் பக்கமும் கையில் சாயவில்லை என்று தோன்றும்போது இரண்டு கையையும் ஒரே சமயத்தில் விலக்குங்கள். ஒரு கையை முதலில் எடுத்தால் மற்ற கை தள்ளிவிடும். பெரும்பாலும் உலக்கை விழுவது இதனால்தான். மரம் லேசாக வளைந்திருந்தால் கால் சுற்று திருப்பி மறுபடி முயலுங்கள். இரண்டு மூன்று கிலோ மரமும் இரும்பும் விழும்போது கால் விரல் தாங்காது. செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்துங்கள்.

சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம் இதைச் செய்தாலும் உலக்கை நிற்கும். கிரகணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நின்ற உலக்கையை அப்படியே விட்டுவிட்டால், யாரும் தட்டாதவரை மறுநாள் காலையிலும் நின்றுகொண்டுதான் இருக்கும். விட்டதும் விழும் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. கிரகணம் முடிந்ததும் குளிக்க, வாசல் கழுவ என்று வீடே எழுந்து நடமாடும். அந்த நடமாட்டத்தில் ஒரு உலக்கை விழுவது அதிசயமல்ல.

தண்ணீரின் பங்கு என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலக்கையின் சுற்றளவு சுமார் 19 செ.மீ. அந்த விளிம்பு முழுதும் நீரின் பரப்பு இழுவிசை பிடித்து இழுத்தாலும் மொத்தம் ஒன்றரை கிராம் எடைகூட வராது. இரண்டரைக் கிலோ உலக்கைக்கு அது ஒன்றுமில்லை. காய்ந்த தட்டில் சில முறை, தண்ணீர் ஊற்றிய தட்டில் சில முறை நிறுத்திப் பாருங்கள்.

கிரகணத்தன்று சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் உலக்கை நேராகிறது என்று அறிவியல் போலவே ஒரு விளக்கம் சுற்றுகிறது. இதற்கும் கணக்கு இருக்கிறது. கடலில் ஏற்றவற்றம் உண்டாக்கும் அந்த இழுவை, சந்திரனும் சூரியனும் சேர்ந்தே பூமியின் ஈர்ப்பில் கோடியில் ஒன்றிரண்டு பங்குதான். இரண்டரைக் கிலோ உலக்கையில் அது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு அரிசி மணியின் எடையே ஏறக்குறைய 20 மில்லிகிராம். தவிர, ஒவ்வொரு அமாவாசைக்கும் இரண்டும் கிட்டத்தட்ட இதே போலத்தான் சேர்ந்து இழுக்கின்றன. நிழல் விழுவதால் ஈர்ப்பு கூடுவதில்லை. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாக வளைய கிரகணம் போனது காலை ஒன்பதரை சுமாருக்கு. சூரியன் அப்போது தென்கிழக்கில், உச்சிக்குப் பாதி உயரம்கூட ஏறவில்லை. அந்த இழுவையால் உலக்கை நிற்கிறது என்றால் அது தென்கிழக்காக அல்லவா சாய வேண்டும்?

இதில் என் மனதுக்குப் பிடித்த பகுதி சுருள்வில் தராசு. 'நின்றது', 'நிற்கவில்லை' என்ற பதிலில் நிறுத்துபவரின் ஆசையும் பொறுமையும் கலந்துவிடும். கிரகணத்தன்று அரைமணி நேரம் போராடுவோம். மற்ற நாளில் இரண்டு தரம் விழுந்தால் விட்டுவிடுவோம். அதனால் ஒரு எண் வேண்டும். உலக்கையின் உச்சியில் நூல் கட்டி, தராசை மாட்டி, கிடைமட்டமாக மெதுவாக இழுங்கள். அடி விளிம்பு தட்டைவிட்டு எழும் அந்த நொடியில் தராசு என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவுள்ள, இரண்டரைக் கிலோ உலக்கைக்கு 58 கிராம் சுமாருக்கு வர வேண்டும். நான்கு திசையிலும் இழுத்துச் சராசரி எடுங்கள். தரைச் சரிவு அதில் ஓரளவு அடிபட்டுப் போகும். கிரகணம் உலக்கையைப் பிடித்து நிறுத்துகிறது என்றால் அன்றைக்கு இந்த எண் கண்ணுக்குத் தெரியும்படி ஏற வேண்டும்.

இதே கதை சீனாவில் முட்டைக்கு உண்டு. அவர்களுடைய பஞ்சாங்கத்தில் வசந்தம் பிறக்கும் நாளில் மட்டும் முட்டை நேராக நிற்கும் என்பார்கள். செயற்கையாகப் பனிப்படிகத்தை முதலில் வளர்த்துக் காட்டிய ஜப்பானிய இயற்பியலாளர் நகாயா உகிச்சிரோ 1947-ல் அதை ஆராய்ந்து, முட்டை எந்த நாளிலும் நிற்கும் என்று எழுதினார். ஓட்டின் மேல் இருக்கும் நுண்ணிய மேடுகள் கால்களாகின்றன. அதற்குத் தாங்கும் சாய்வு ஒரு டிகிரி அளவுதான். பொறுமை அதிகம் வேண்டும்.

கிரகண நேரத்தில் தர்ப்பை போட்டு வைத்தால் சாப்பாடு கெடாது என்ற நம்பிக்கையையும் வீட்டிலேயே சோதிக்கலாம். காய்ச்சி ஆறிய ஒரே பாலை ஒன்பது ஒரே மாதிரி டம்ளர்களில் 100 மி.லி. வீதம் ஊற்றுங்கள். மூன்றில் தர்ப்பை, மூன்றில் அதே எடைக்கு வேறு புல், மூன்றில் ஒன்றும் வேண்டாம். இரண்டு புல்லையும் ஒரே மாதிரி கழுவி உலர்த்த வேண்டும். புல்லில் ஒட்டிய மண்ணிலிருக்கும் கிருமிகளே பாலைக் கெடுத்துவிடும். இரண்டு மணிக்கு ஒரு தடவை ஒவ்வொன்றிலிருந்தும் 5 மி.லி. எடுத்து, சோதனைக்குழாயில் ஊற்றிக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். எது முதலில் திரிகிறது என்று பாருங்கள். எந்த டம்ளரில் என்ன இருந்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. புல்லைப் போட்டவர் அடியில் எண் ஒட்டிவிட்டு, குழாய்களை அந்த எண்ணோடு மட்டும் கொடுக்கட்டும். கிரகண நாளில் ஒரு முறை, அதே வெயில் அடிக்கும் வேறொரு நாளில் ஒரு முறை. வெப்பநிலையைக் குறிக்க மறந்தால் முடிவுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் பால் திரிவதை அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக மாற்றும்.

2031 மே 21 அன்று தென் தமிழகத்தின் மேல் மறுபடி ஒரு வளைய கிரகணம் வருகிறது. இப்போதே உலக்கையின் அடியில் சாயத்தால் ஒரு குறி போட்டு, தட்டையும் தரையில் அதன் இடத்தையும் குறித்து வைத்து, சில சாதாரண நாட்களிலும் சில அமாவாசைகளிலும் தராசு காட்டும் எண்களை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒவ்வொரு நாளும் பத்து முயற்சி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடத்துக்கு மேல் கூடாது. கிரகணத்தன்றும் அதே பத்து, அதே மூன்று நிமிடம்.