தம்பியின் லைசென்ஸ்

மார்ச் 4

நள்ளிரவு தாண்டித் தம்பி போன் செய்தான். தேவகோட்டை ரஸ்தா பக்கம் வண்டியை மறித்து ஊதச் சொல்லியிருக்கிறார்கள். கருவி 92 காட்டியதாம். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமைத் தாண்டினாலே குற்றம். இவன் மூன்று மடங்கு. கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வந்த பெங்களூர்க்காரர்களை விடுதியில் இறக்கிவிட்டு, நண்பர்களைப் பார்க்கத் தேவகோட்டை போனவன். "வண்டியில் சவாரி யாரும் இல்லை அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எதிரே வருகிறவன் தலைக்கு இவனிடம் கணக்கில்லை போலும்.

காரை நிலையத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

மார்ச் 5

காப்பி ஆறுவதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். "ஒரு போன் போட்டால் முடிந்தது. மிஞ்சிப்போனால் 2,000 கட்டச் சொல்வார்கள்." இரண்டாயிரம் என்பதெல்லாம் பழைய கதை. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் புதிய தொகை 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதுவும் குடித்து ஓட்டுவதற்கான 185ஆம் பிரிவு, ரோட்டோரத்தில் ரசீது வாங்கிக்கொண்டு போகிற விவகாரம் இல்லை. நடுவர் முன்னால் நிற்கத்தான் வேண்டும். சித்தப்பா நான்கு பேருக்குப் போன் போட்டார். நான்கு பேரும் வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்தார்கள்.

எதிர்வீட்டு ஐயா, வெற்றிலையோடு கிராம்பு மென்றிருந்தால் தப்பியிருப்பான் என்கிறார். வாயின் வாடை மனித மூக்குக்குத்தான் பொருட்டு. ரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு வந்து மூச்சோடு வெளியேறும் சாராயத்தை அல்லவா கருவி அளக்கிறது! இளநீர், மோர், குளியல் எதுவும் சாராயத்தைக் கரைக்கிற ஈரலை அவசரப்படுத்தாது.

அம்மா தெருவில் "வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறது" என்று சொல்லிவைத்திருக்கிறாள். முத்துமாரியம்மனுக்குப் பால்குடமும் நேர்ந்துகொண்டாள்.

மார்ச் 12

நீதிமன்றம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தம்பியைப் பார்த்தால் பெண் பார்க்கக் கிளம்பியவன் மாதிரி இருந்தது. காலையெல்லாம் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். வக்கீல் குமாஸ்தா, "மறுத்தால் வாய்தா வாய்தாவாக இழுக்கும், ஒப்புக்கொண்டால் இன்றே முடியும்" என்றார். உள்ளே இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒப்புக்கொண்டான், 10,000 ரூபாய். அவனிடம் இருந்தது ஆறாயிரம். மீதி நான் கொடுத்தேன், கடனாக.

மாலையில் கார் வந்தது. சித்தப்பா, "நான் சொல்லிவைத்ததால்தான் சிறை இல்லை" என்று வீடு வீடாகச் சொல்லிவருகிறார்.

மார்ச் 25

எல்லாம் முடிந்தது என்றிருந்தவனுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். லைசென்ஸை ஏன் தற்காலிகமாக ரத்து செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்கிறார்கள். குடித்து ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அபராதத்துக்கு அசையாதவன் இதைப் படித்ததும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். ஓட்டினால்தானே தவணை!

"யாரும் கவனிக்க மாட்டார்கள், உள்ளூரில் ஓட்டிக்கொள்கிறேன்" என்றான். சாவியை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். லைசென்ஸ் ரத்தான நிலையில் எங்காவது இடித்தால், அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கிற தொகையைக்கூட நம்மிடமே திருப்பிக் கேட்கும். வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா பெயராது. அப்புறம் இந்த வீட்டையும் தவணையில் சேர்க்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 3

மூன்று மாதம் என்று உத்தரவு வந்துவிட்டது. ஆக்டிங் டிரைவர் போட்டாயிற்று. புதுக்கோட்டைக்காரர், டீ தவிர வேறெதுவும் தொடாதவர். அவருக்குச் சம்பளம், டீசல், தவணை போனால் கையில் நிற்பது சொற்பம். தம்பி முன்சீட்டில் உட்கார்ந்து ஆத்தங்குடித் தளக்கல்லைப் பற்றியும் பர்மா தேக்கைப் பற்றியும் பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டு போகிறான். நன்றாகவே சொல்கிறானாம்.

இன்னொரு தடவை மாட்டினால் 15,000 அபராதம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பதைக் காலண்டரில் எழுதி மாட்டியிருக்கிறேன். அம்மாவுக்குக் கோபம், வருகிறவர்கள் படித்துவிடுவார்களாம்.

ஏப்ரல் 10

பள்ளத்தூர்ப் பெண் வீட்டிலிருந்து அழைத்தார்கள். எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. அம்மா போனை என்னிடம் தள்ளினாள். வழக்கு, அபராதம், லைசென்ஸ் திரும்புகிற தேதி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஜாதகத்தை மறுபடி ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார். போன மாதம் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்தவர் அவர்கள் ஜோசியர்தான்.